யாரும் தொடாமல் கிழிந்த ஜவ்வு

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டிகள் நிற்கும் பக்கம், பதினாறு வருடமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இளவரசு. தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுவது வேலை. வலது காலை எதிரே இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருப்பார். பயணிகள் யாராவது அந்த இரண்டாவது நாற்காலியைக் கேட்டால், "கால்ல ஆபரேஷன் பண்ணுனது" என்பார். எப்போது என்று சொல்ல மாட்டார். கேட்டவர் போன வாரம் என்று நினைத்துக்கொண்டு, பாவம் என்று நகர்ந்துவிடுவார்.

அதற்கு முன்னால் அவர் அதே கம்பெனியில் கண்டக்டர். கபடி ஆட்டக்காரரும்கூட. ஆட்டக்காரர் என்பது கொஞ்சம் ஜாஸ்தி என்று இப்போது அவரே ஒப்புக்கொள்கிறார். கல்லூரி அணியில் அவர் பன்னிரண்டாவது ஆள். ஏழு பேர் களத்தில் இருப்பார்கள், ஐந்து பேர் மாற்று. அந்த ஐந்தில் கடைசி ஆளுக்கு மற்றவர்களுடைய செருப்பையும் மணிபர்ஸையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. மூன்று வருடத்தில் ஒரு செருப்புகூடத் தொலைந்ததில்லை. அந்த ஒன்றுதான் அவருடைய விளையாட்டுச் சாதனை.

முப்பத்தோரு வயதில், கல்யாணமாகி வந்த இரண்டாவது பொங்கலுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போனார். காணும் பொங்கலன்று கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கபடி. மனைவி மலர்க்கொடி கோட்டோரமாக நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஆடுவாரா என்று யாரோ கேட்டார்கள். "காலேஜ் டீம்ல இருந்தேன்" என்று இளவரசு சொன்னார். பொய்யில்லை. எந்த இடத்தில் இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர் அணியில் மலர்க்கொடியின் தம்பி அருண்பாண்டியன் இருந்தான். பத்தொன்பது வயது. காலைப் பிடித்து வீழ்த்துவதில் அந்த வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் இருந்தது. நான்கு மாதம் கழித்து மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. அவன் பெயரைக் கொடுத்திருந்தார்கள்.

இளவரசு பாடிக்கொண்டு உள்ளே போனார். யாரையும் தொடவில்லை. தொடாமல் திரும்பினால் மலர்க்கொடி என்ன நினைப்பாள் என்று, டிவியில் பார்த்தது போல ஒரு காலை ஊன்றி உடம்பைச் சட்டென்று திருப்பினார். உடம்பு திரும்பியது. ஊன்றிய கால் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். விழுந்தார். அவர் விழுந்த பிறகுதான் பாய்ந்து வந்த அருண்பாண்டியன் அவர் கால்மேல் வந்து விழுந்தான். புழுதி அடங்கியபோது எல்லோரும் பார்த்தது மாமா கீழே, மச்சான் மேலே.

"டேய், மாமா காலை ஒடிச்சிட்டியேடா!" என்று ஒரு குரல் கேட்டது.

இளவரசு அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலில் வலி. பிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமியார் மங்கலம் மகன் முதுகில் நான்கு போடு போட்டார். மலர்க்கொடி அழுதாள். தன் காலே தடுக்கி விழுந்த மாப்பிள்ளை என்பதைவிட, ஆட்டத்தில் அடிபட்ட மாப்பிள்ளை என்பது கேட்க நன்றாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளைக்குப் பதினாறு வருடம் ஆயிற்று.

சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் சித்திரை மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. முட்டிக்குள் இருக்கும் முக்கியமான ஜவ்வு அறுந்துபோயிருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை உருவி எடுத்து, மடித்து, எலும்பில் துளை போட்டு உள்ளே செலுத்தித் திருகாணி வைத்து முடுக்கினார்கள். ஒன்பது மாதம் விடாமல் பயிற்சி செய்ய வேண்டும், தொடைக்குப் பலம் வந்தால்தான் புது ஜவ்வுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் இளவரசு ஊன்றுகோலை விட்டார். அதோடு பயிற்சியையும் விட்டார். தாளை மலர்க்கொடி அரிசி டின்னுக்கு அடியில் விரித்துவிட்டாள்.

பிறகு ஆரம்பித்தது முட்டியின் பொற்காலம். கண்டக்டர் வேலையில் ஓடும் வண்டியில் நின்றபடி பிழைக்க வேண்டும். முதலாளி இரக்கப்பட்டு நாற்காலி கொடுத்தார். வாடகைக்கு இருந்த இரண்டாவது மாடிக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றும் வேலை நின்றது. கல்யாண வீடுகளில் பந்திப் பாயில் உட்கார வேண்டியதில்லை; மேசை போட்டு வைப்பார்கள். உறவுக்காரர் வீட்டுத் துக்கம் என்றால் எல்லோரும் நடப்பார்கள், இவர் வண்டியில் முன்னால் போய் நிழலில் இருப்பார். மலைக்குப் போக நண்பர்கள் மாலை போட்டபோதும், ஆபீஸில் பழைய பைல்களை மேலே அடுக்கச் சொன்னபோதும், மகள் இசைவாணி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு "பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடி வாப்பா" என்று கூப்பிட்டபோதும், இளவரசு முட்டியைத் தடவிக் காட்டினார். கடைசியாகச் சொன்னதை நினைத்தால் மட்டும் அவருக்கு இப்போதும் சிரிப்பு வருவதில்லை.

மகளின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடியது அருண்பாண்டியன். அவன்தான் எல்லாம் செய்தான். அந்த வருடம் மாவட்டத் தேர்வுக்கு அவன் போகவில்லை. இனிமேல் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று மங்கலம் பூவராகசாமி கோயில் வாசலில் அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டார். அவன் டிரைவிங் பழகினான், கடனுக்கு ஒரு குட்டியானை வண்டி எடுத்தான், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கடலூருக்கு லோடு வரும்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு அரிசி மூட்டை, உளுந்து, சிலிண்டர், எது இருந்தாலும் தோளில் போட்டு மாடிக்கு ஏற்றினான். "கால் எப்டி இருக்கு மாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். "என்னமோ ஓடுது மச்சான், மழைக்காலத்துலதான் உயிர் போவுது" என்பார் இளவரசு. அருண்பாண்டியன் தலையைக் குனிந்துகொள்வான்.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு போன் வந்தது. பேசியது ஒரு பெண். பெயர் சிந்துஜா, சிதம்பரம் மருத்துவமனையில் எலும்பு மருத்துவம் மேல்படிப்பு படிக்கும் டாக்டர். முட்டி ஜவ்வு ஆபரேஷன் செய்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். பழைய பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"விருப்பப்பட்டா மட்டும் வாங்க சார். எக்ஸ்ரே எடுப்போம், கொஞ்சம் கேள்வி கேப்போம். அவ்ளோதான்."

இளவரசுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காத கதையை ஒரு டாக்டரே கேட்கிறாள். அன்றைக்கே ஒரு தாளில் முட்டியின் குறைகளை எழுத ஆரம்பித்தார். பதினேழு வந்தது. பதினெட்டாவதாக இடுப்பு வலியைச் சேர்த்தார்.

அருண்பாண்டியன் அவனாகவே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டி பத்து மணிக்குச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தார்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகு ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். சிந்துஜா ஒல்லியான பெண், முப்பதுக்குள் இருக்கும், காட்டுமன்னார்கோயில் பக்கம் என்றாள்.

"கூட வந்தவங்க வெளிய இருக்கட்டுமா சார்? உங்க பழைய விவரமெல்லாம் பேசுவோம்."

"ஐய, அவன் என் மச்சான்தாங்க. அவன் முன்னாடியே கேளுங்க" என்றார் இளவரசு.

தான் படும் பாட்டை அவன் முழுசாகக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் என்று பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தார்.

கேள்விகள் ஆரம்பித்தன. மாடி ஏறும்போது வலிக்கிறதா? வலிக்கிறது. குந்தி உட்கார முடிகிறதா? எங்கே முடிகிறது. முட்டி திடீரென்று நழுவி விடுவது போல இருக்கிறதா? அடிக்கடி.

"கடைசியா எப்ப நழுவுச்சு சார்?"

இளவரசு யோசித்தார். நிறைய யோசித்தார். "ஏழெட்டு வருஷம் இருக்கும். பண்ருட்டியில."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பலாச்சொளை தின்னுக்கிட்டு நடந்தேன். கீழ கிடந்த பலா நாருல கால் வெச்சுட்டேன்."

சிந்துஜா எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு படுக்க வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்பக்கமாக இழுத்துப் பார்த்தாள். இடது காலிலும் அப்படியே. திரும்ப வலது கால். டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தாள். கடைசியில், ஒற்றைக் காலில் நின்று முடிந்த தூரம் தாவச் சொன்னாள். "நீங்க பக்கத்துல நின்னுக்கங்க அண்ணா, விழுந்தா புடிச்சுக்கலாம்" என்று அருண்பாண்டியனிடம் சொன்னாள். அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, குழந்தை நடக்கப் பழகும்போது நிற்பது போல நின்றான்.

இடது காலில் தொண்ணூறு சென்டிமீட்டர் தாவினார். வலது காலில் நாற்பத்தைந்து.

சிந்துஜா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். "சார், உங்க ஜவ்வு ரொம்ப நல்லா இருக்கு. இழுத்தா அசையல, அந்தக் காலுக்கும் இந்தக் காலுக்கும் வித்தியாசமே தெரியல. எலும்பு இடுக்குல லேசா தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு. இந்த அடி பட்ட நிறைய பேருக்கு இத்தனை வருஷத்துல அது வரும், பயப்பட வேணாம், கவனமா இருந்தா போதும். ஆனா வலது தொடை மூணு சென்டிமீட்டர் சின்னதா இருக்கு. அதான் வலி, அதான் தாவ முடியல. எக்சர்சைஸ் எப்ப நிறுத்துனீங்க?"

"அது… கொஞ்ச நாள் செஞ்சேன்."

"எவ்ளோ நாள் சார்?"

"மூணு மாசம்."

அருண்பாண்டியன் முகம் மாறியதை இளவரசு பார்த்தார். இன்னும் அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. சிந்துஜா பழைய பைலைப் பிரித்தாள்.

"அடிபட்ட விதம் மட்டும் ஒருதடவை சரிபாத்துக்கறேன். கபடி. பாடிப் போனப்ப தானா உடம்பைத் திருப்பினதுல முட்டி திருகிக்கிச்சு. வேற யாரும் தொடலை, அதுக்கப்புறம்தான் ஒருத்தர் வந்து மேல விழுந்தாரு." நிமிர்ந்து சிரித்தாள். "நிறைய பேருக்கு இப்டித்தான் சார் ஆவும். யாரும் அடிக்கவே வேணாம், நாமளே திரும்பினா போதும். சரிதானே?"

அன்றைக்கு நடந்தது இளவரசுக்கு ஞாபகம் வந்தது. அடிபட்டு இதே மருத்துவமனைக்கு வந்த ராத்திரி, கூட வந்தவர்கள் வெளியே நின்றபோது டியூட்டி டாக்டர், "அடிதடி கேஸா? போலீசுக்கு எழுதணுமா?" என்று கேட்டிருந்தார். போலீஸ் என்றதும் பயந்துபோய், ஒரு வரி விடாமல் உண்மையைச் சொல்லியிருந்தார். அவர் வாழ்க்கையில் அந்த விஷயத்தைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"பதினாறு வருஷம் ஆச்சு… சரியா ஞாபகம் இல்லைங்க" என்றார்.

"உங்க கையெழுத்து இருக்கு சார், கீழ."

கையெழுத்து இருந்தது. நடுக்கம்கூட இல்லாமல் நன்றாகவே போட்டிருந்தார்.

"சரிதாங்க" என்றார்.

அருண்பாண்டியன் விரித்து வைத்திருந்த கைகளை அப்போதுதான் கீழே போட்டான்.

திரும்பும் வழியில் அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். பி.முட்லூர் தாண்டியது. இளவரசு இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டினான்.

"மாமா, இங்க எறங்கிக்கங்க. பின்னாடியே உங்க கம்பெனி வண்டி வரும்."

"மச்சான், நான் சொல்லணும்னுதான்…"

"எறங்குங்க மாமா."

அப்போதும் மாமா என்றுதான் சொன்னான். இளவரசு இறங்கினார். குட்டியானை போய்விட்டது. பதினெட்டுக் குறைகள் எழுதிய தாள் சட்டைப் பையில் இருந்தது; அதைக் கிழித்துப் போடக்கூட ஒரு குப்பைத்தொட்டி அங்கே இல்லை.

பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. வேறு நாளாக இருந்தால் கண்டக்டரை ஒரு வழி பண்ணியிருப்பார். "வாங்க சார், என்னா இங்க?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் முன்னால் என்ஜின் பெட்டிமேல் இடம் காட்டினார். சூட்டில் உட்கார்ந்துகொண்டு இளவரசு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊருக்கெல்லாம் நிமிடக் கணக்கில் தாமதம் எழுதுகிறவர், தான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்கு எவ்வளவு தாமதம் என்று. விசில் ஊதி அனுப்பத்தான் ஆள் இல்லை.

அன்று சாயங்காலமே மலர்க்கொடியிடம் சொன்னார். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அரிவதை நிறுத்தவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "நான் அங்கதான் நின்னேன். எனக்கும் புழுதிதான் தெரிஞ்சுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் போயிச் சொல்லணும். பஸ்ல போங்க" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கீழ சிலிண்டர் வந்து ரெண்டு நாளாவுது" என்றாள்.

இளவரசு கீழே போனார். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது முதல் மாடித் திருப்பத்துக்குள் மூன்று தடவை உட்கார்ந்தார். எதிர்வீட்டு ரேகா கதவைத் திறந்து பார்த்து, "ஐயையோ, உங்க கால்!" என்று பதறினாள். "கால் நல்லாத்தாங்க இருக்குது. நான்தான் சரியில்ல" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போனார். பஸ்ஸில் போகும்போது எப்படிச் சொல்வது என்று நாலு விதமாக ஒத்திகை பார்த்தார். எல்லாவற்றிலும் தன்னைக் கேலி செய்துகொள்ளும் ஒரு வேடிக்கை இருந்தது. மாமியார் சிரித்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மங்கலம் வழக்கம்போல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இளவரசு உட்காராமல் தரையில் சம்மணம் போட முயன்றார். முட்டி பாதியில் நின்றது. ஒரு மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். பன்னிரண்டாவது ஆள், செருப்பு, டிவியில் பார்த்த திருப்பம், எல்லாம்.

மங்கலம் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செலக்சனுக்குன்னு அவன் ஒரு பனியன் வாங்கி வெச்சிருந்தான் மாப்ள. பின்னாடி நம்பர் போட்டது. அது கண்ணுல பட்டா திரும்ப ஆடப் போயிடுவான்னு, நான்தான் அதைக் கிழிச்சுத் தரை துடைக்க வெச்சேன். அவன் பாத்துக்கிட்டே நின்னான். ஒண்ணும் சொல்லல."

இளவரசு ஒத்திகை பார்த்து வைத்திருந்த வேடிக்கைகளில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. கால் மரத்துப்போனது, நீட்டத் தோன்றவில்லை.

மதியம் அருண்பாண்டியன் லோடு இறக்கிவிட்டு வந்தான். மாமாவைத் தரையில் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். இளவரசு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவன் கை கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்து அவராகவே எழுந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் அருணு. மன்னிச்சுக்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் இல்ல."

அருண்பாண்டியன் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். நிதானமாகத்தான் பேசினான்.

"கால் ஒடிஞ்சதுக்கு நான் காரணம் இல்லன்னதுல சந்தோசந்தான் மாமா. ராத்திரி நிம்மதியாத் தூங்குனேன். ஆனா அந்தச் செலக்சன்ல நான் தேறியிருப்பனா மாட்டனான்னு எனக்குத் தெரியாது. தேறாமகூடப் போயிருக்கலாம். முட்லூர் பசங்க ரெண்டு பேரு என்னைவிட நல்லா ஆடுவானுங்க. தோத்துட்டு வந்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும். தெரியாமலே போச்சு பாருங்க, அதான்."

சாப்பிடச் சொல்லி மங்கலம் இலை போட்டார். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவன் பஸ் நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விடவில்லை. இளவரசு நடந்தே போனார்.

சிந்துஜா புதுத் தாள் ஒன்றைக் கொடுத்திருந்தாள். இதுவும் படம் போட்டதுதான். மலர்க்கொடி இதை அரிசி டின்னுக்கு அடியில் வைக்காமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். காலையில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் இருப்பது போல உட்கார வேண்டும். முதல் நாள் பதினோரு விநாடி. ப்ளஸ் டூ படிக்கும் இசைவாணி செல்போனில் நேரம் பார்த்து, "அப்பா, நான் பல்லு தேச்சு முடிக்கறதுக்குள்ள விழுந்துட்ட" என்றாள். தொடை நடுங்குகிற நடுக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. ஒரு வாரத்தில் இருபது விநாடி வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் இருபதிலேயே நின்றது. நாற்பத்தேழு வயதுத் தொடை, பதினாறு வருடம் நாற்காலியில் கிடந்தது, கூப்பிட்டவுடன் வந்துவிடுமா? பேருந்து நிலையத்தில் எதிர் நாற்காலியைப் பயணிகளுக்குக் கொடுத்துவிட்டார். முதல் நாள் அதில் வந்து உட்கார்ந்த லால்பேட்டைப் பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, காலு சரியாயிடிச்சா?" என்று விசாரித்தார். "காலுக்கு ஒண்ணுமில்லையாம் பாய், இப்பதான் சொன்னாங்க" என்றார் இளவரசு.

ஆடி மாதம் திரும்பச் சிதம்பரம் போனார். பஸ்ஸில்தான். தொடை ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. தாவல் அறுபத்திரண்டு. தேய்மானம் தேய்மானம்தான், அது திரும்பப் போகாது என்று சிந்துஜா ஒளிக்காமல் சொன்னாள். எடையை ஏற்ற விடக் கூடாது, பயிற்சியை விடக் கூடாது, பத்துப் பதினைந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று இப்போதே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். கூட யாரும் வரவில்லையா என்று அவள் கேட்கவில்லை. தாவும்போது பக்கத்தில் அவளே நின்றுகொண்டாள்.

இடையில் அருண்பாண்டியன் கடலூருக்கு லோடு கொண்டு வந்தபோதெல்லாம் அக்காவைப் பார்த்துவிட்டுப் போனான். இளவரசு அந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்தால், "வாங்க மாமா" என்பான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு விதத்தில் நல்லதுதான், கேட்டிருந்தால் பழைய பழக்கத்தில் மழைக்காலத்தை இழுத்துவிடுவேனோ என்று இளவரசுக்குத் தன் மேலேயே சந்தேகம்.

பிறகு ஒரு நாள் காலை ஐந்தரைக்கு போன் வந்தது. அருண்பாண்டியன்தான்.

"மாமா, நாங்க கடலூருக்கே குடி வந்து எங்க பாப்பாவை எல்கேஜி சேக்கலாம்னு இருக்கோம். இன்னிக்கு அப்ளிகேசன் தராங்களாம். நான் விருத்தாசலத்துல லோடோட மாட்டிக்கிட்டேன். வரிசையில நிக்கணும். ரொம்ப நேரம் ஆவும்னாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "உங்களால முடியுமா?"

பதினாறு வருடத்தில் அவன் இவரிடம் கேட்ட முதல் உதவி அது.

"முடியும் மச்சான். கெளம்பிட்டேன்" என்றார். அப்போது பல்கூடத் தேய்க்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் அவருக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். ஏழு மணிக்கு வெயில் வந்தது. எட்டு மணிக்கு வலது முட்டி லேசாக முனகியது. இடது காலுக்கு மாற்றினார். எட்டரைக்கு இடது காலும் முனகியது, அதற்கு ஆபரேஷனே ஆகவில்லை. பின்னால் நின்ற சவரியம்மாள் என்ற பெண்மணி, பேரனுக்காக வந்தவர், கையோடு ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டு வந்திருந்தார். இவர் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்து, "ஒக்காருங்க தம்பி, கால்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, நல்ல காலுதான்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். இன்னும் முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். அதற்கு மேல் முடியவில்லை. திரும்பி, "அம்மா, அஞ்சு நிமிசம் மட்டும் குடுங்க" என்று ஸ்டூலை வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். சரியாக ஐந்தாவது நிமிடம் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பத்தே முக்காலுக்கு விண்ணப்பம் கையில் வந்தது. போன் போட்டுச் சொன்னார்.

"வாங்கிட்டீங்களா மாமா?" என்றான் அருண்பாண்டியன். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. "ஸ்கூலுக்கு எதிர்ல பெயிண்ட் கடைகிட்ட டீ குடிச்சிக்கிட்டு இருங்க. ஒரு மணி நேரத்துல வரேன்."